குளிரூட்டப்பட்ட கொலைக்களம்

எழுதத் தொடங்கும்போதே வாசகரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளும் ஒரு பழக்கம் நமது சஞ்சிகை எழுத்தாளர்களிடம் உண்டு. நான் அதைச் செய்யப் போவதில்லை. இரத்தமும் சதையும் தெறிக்கும் மலிவான திகிற் படங்களைப் பற்றித்தான் இங்கு எழுதப் போகிறேன். "கவிதை, சிறுகதை என்று பேச எவ்வளவோ கிடக்க, இந்தக் குப்பைக்குள் ஏன் இறங்குகிறீர்கள்?" என்று மூத்த நண்பர் ஒருவர் கேட்டார். குப்பை என்று நாம் ஒதுக்கி வைத்ததை ஹொலிவூட்டின் பணக்காரத் தயாரிப்பாளர்கள் இருபது வருடங்களுக்கு மேலாகப் பொறுக்கியெடுத்துக் கழுவித் துடைத்து விற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கழுவிக் கொட்டியது என்னவென்று பார்ப்பது இலக்கியக்காரனின் வேலையும்தான் என்று அவருக்குச் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இக்கட்டுரை அவருக்கும் சேர்த்துத்தான்.

எழுபதுகளிலும் அதையொட்டியும் கையில் காசில்லாத சில அமெரிக்க இளைஞர்கள், பெரிய ஸ்ரூடியோக்களின் தயவின்றி எடுத்த சில படங்கள் பின்னர் ஒரு பக்தர் கூட்டத்தையே சேர்த்துக்கொண்டன. 2003ஆம் ஆண்டு தொடக்கம் அவை ஒவ்வொன்றாக மறுதயாரிப்புச் செய்யப்பட்டன. 'த டெக்ஸாஸ் செயின் சோ மஸாக்கர்' 2003இல் வந்தது. 'டோன் ஒஃப் த டெட்' 2004இல். 'த ஹில்ஸ் ஹேவ் ஐய்ஸ்' 2006இல். 'த லாஸ்ட் ஹவுஸ் ஒன் த லெஃப்ட்' 2009இல், 'ஐ ஸ்பிட் ஒன் யுவர் கிரேவ்' 2010இல், 'ஈவில் டெட்' 2013இல். நமது ஞாயிறு பத்திரிகைகளின் சினிமாப் பக்கங்களும் இவற்றைத் 'தொழில்நுட்ப ரீதியாக மேம்பட்ட' படங்கள் என்று எழுதின. அந்த 'மேம்பட்ட' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் டெக்ஸாஸ். 1973ஆம் ஆண்டின் கோடையில் ஒஸ்ரின் நகரைச் சேர்ந்த டோபி ஹூப்பர் இதை எடுத்தார். செலவு ஒன்றரை இலட்சம் டொலருக்கும் குறைவு. 16 மில்லிமீற்றர் படச்சுருளில் எடுத்துப் பின்னர் 35க்குப் பெருப்பித்தார்கள். வெயில் நாற்பது பாகை செல்சியஸைத் தொட்டுக்கொண்டிருந்தது. மனிதத் தோல் முகமூடி அணிந்து வரும் கொலைகாரனாக நடித்த கன்னர் ஹான்ஸனுக்கு உடுப்பு ஒன்றே ஒன்றுதான். நிறம் மாறிவிடும் என்று அதைத் துவைக்கவும் விடவில்லை. சாப்பாட்டு மேசைக் காட்சியை, யன்னல்களை மூடிக் கட்டிய வீட்டுக்குள், அழுகும் இறைச்சிக்கும் மிருக எலும்புகளுக்கும் நடுவே ஒரு நாளுக்கும் மேலாகத் தொடர்ந்து எடுத்தார்கள். அந்த நாற்றம் திரையில் தெரிகிறது. நாற்றத்தைப் படம்பிடிக்க முடியுமா என்று கேட்பவர்கள் அந்தக் காட்சியை ஒருமுறை பார்க்கட்டும்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வருவது நாற்றத்தைப் பற்றியல்ல. படத்தின் தொடக்கத்தில் ஐந்து இளைஞர்கள் ஒரு வேனில் போகிறார்கள். வழியில் ஒருவனை ஏற்றுகிறார்கள். அவன் பேசத் தொடங்குகிறான். அவனுடைய குடும்பம் பரம்பரையாக மாடறுக்கும் மடுவத்தில் வேலை செய்த குடும்பம். முன்பெல்லாம் சம்மட்டியால் அடித்து மாட்டைக் கொல்வார்களாம். இப்போது காற்றழுத்தத் துப்பாக்கி வந்துவிட்டது. பழைய முறைதான் நல்லது, புதிய முறையால் ஆட்களுக்கு வேலை போய்விட்டது என்கிறான். இந்தப் படத்தின் கொலைகாரர்கள் யார் என்பது அங்கேயே சொல்லப்பட்டுவிடுகிறது. வேறெங்கிருந்தோ இறங்கி வந்த பேய்கள் அல்ல. இயந்திரம் வந்து வீட்டுக்கு அனுப்பிவிட்ட தொழிலாளர்கள். தெரிந்த ஒரே தொழிலைத் தொடர்ந்து செய்கிறார்கள், மாடு மட்டும் இல்லை. அருகிலுள்ள பெற்றோல் செட்டில் பெற்றோலும் இல்லை. அங்கே இறைச்சி விற்கிறார்கள்.

மேசைக் காட்சியில், அந்தக் காலத்தில் மடுவத்தின் மிகச் சிறந்த கொலையாளி என்று புகழப்பட்ட கிழவரைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்து, அவர் கையில் சம்மட்டியைக் கொடுக்கிறார்கள். கிழவருக்கு அதைப் பிடிக்க முடியவில்லை. கை நழுவி விழுகிறது. எடுத்துக் கொடுக்கிறார்கள். மீண்டும் விழுகிறது. பேரன்மார் உற்சாகப்படுத்துகிறார்கள். அந்தப் பெண் அலறிக்கொண்டிருக்கிறாள், நமக்கு ஒரு பக்கம் குலை நடுங்குகிறது, மறுபக்கம் அந்தக் கையைப் பார்க்கப் பரிதாபமாகவும் இருக்கிறது. அந்தப் பரிதாபம் வந்ததற்காக நம்மீதே நமக்கு வெறுப்பும் வருகிறது. திகிற் படம் என்ற பெயரில் வந்தவற்றுள் இவ்வளவு வேலை செய்கிற காட்சி மிகச் சில. அதில் கொட்டும் இரத்தம் மிகக் கொஞ்சம். ஹூப்பர், சிறுவர்களும் பெற்றோரோடு பார்க்கக்கூடிய தரச்சான்றிதழ் கிடைக்கும் என்று நம்பியே இரத்தத்தை அடக்கி வைத்தாராம். பிரித்தானியத் தணிக்கைச் சபை 1975இல் அனுமதி மறுத்து, 1999இல்தான் வெட்டில்லாமல் விட்டது. இடையில் வெட்டிப் பார்க்கவும் முயன்றார்கள், பயனில்லை. எந்தத் துண்டை வெட்டினாலும் பயம் அப்படியே இருந்தது.

2003ஆம் ஆண்டுப் பதிப்புக்கு வருவோம். மைக்கல் பேயின் 'பிளாட்டினம் டியூன்ஸ்' நிறுவனத்தின் முதல் தயாரிப்பு இது. விளம்பரப் படங்களும் பாடல் வீடியோக்களும் எடுத்துவந்த மார்க்கஸ் நிஸ்பெல் நெறியாளர். செலவு சுமார் 95 இலட்சம் டொலர், வசூல் பத்துக் கோடிக்கு மேல். இதில் ஒரு வேடிக்கை உண்டு. முதற்படத்தின் ஒளிப்பதிவாளரான டானியல் பேர்ள்தான் இதற்கும் ஒளிப்பதிவாளர். அதே கண். அன்று அந்தக் கண்ணுக்கு வெயில் கண்கூசியது. இன்று மரங்களுக்கிடையே புகை விட்டு, பின்னாலிருந்து ஒளி பாய்ச்சி, நனைந்த சட்டையோடு ஓடும் கதாநாயகியை ஒரு குளிர்பான விளம்பரம் போலக் காட்டுகிறது. பேர்ள் திறமையற்றவர் என்று எவரும் சொல்ல முடியாது. கேட்டதைக் கொடுத்திருக்கிறார்.

வேனில் ஏறிய அந்த மடுவத்துப் பையன் இதில் இல்லை. அவனுக்குப் பதிலாக, சித்திரவதையிலிருந்து தப்பி வந்த ஒரு பெண் ஏறுகிறாள். எதுவும் விளக்கமாகச் சொல்லாமல், வாய்க்குள் துப்பாக்கியை வைத்துச் சுட்டுக்கொள்கிறாள். அப்போது கெமரா பின்னோக்கி நகர்ந்து, அவளது தலையில் விழுந்த துவாரத்துக்கூடாக வெளியேறி, வேனின் பின்கண்ணாடியில் விழுந்த ஓட்டைக்கூடாகவும் வெளியே வருகிறது. இந்த ஷொட்டைப் பலர் வியந்து எழுதியிருக்கிறார்கள். தொழில்நுட்பம் என்கிறார்களே, அது இதுதான். ஒரு மனுஷியின் மண்டையை யன்னலாக்கியிருக்கிறார்கள். முன்பு அதே இடத்தில், அதே வேனில், ஒருவன் தன் வேலை போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தக் கதையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இந்தத் துவாரத்தை வைத்தார்கள் என்பதே எனது குற்றச்சாட்டின் சாரம்.

மடுவம் இந்தப் படத்திலும் வருகிறது என்று நீங்கள் சொல்லலாம். வருகிறது, ஓடிப்பிடித்து விளையாடும் இடமாக. 2006இல் எடுத்த முன்கதைப் படத்தில் மடுவம் மூடப்படுவதும் வருகிறது. ஆனால் அங்கு அது ஒரு கொலைகாரனின் சுயசரிதைக்கான தகவல் மட்டுமே. 2003 படம் அவனுக்கு ஒரு பெயரும், முகத்தில் ஒரு தோல் வியாதியும் கொடுத்திருக்கிறது. ஏன் முகமூடி அணிகிறான் என்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டதல்லவா? ஒரு ஊரே செய்த காரியத்தை ஒருவனது தோலில் ஏற்றிவிட்டால் பார்ப்பவன் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

இந்த இடத்தில் என் தங்கையின் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் மறுதயாரிப்புகளையே பார்த்து வளர்ந்தவன். நான் 1974 படத்தை முதன்முதலில் எண்பதுகளில், டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போடும் ஒரு வீட்டில், கொப்பிக்குக் கொப்பி அடித்து முகங்கள் கலங்கிப்போன கசெற்றில் பார்த்தேன். நல்ல இறுவட்டு கிடைத்ததும் அவனை இருத்தி வைத்துப் போட்டுக் காட்டினேன். அரை மணித்தியாலம் கடந்ததும் அவன், "மாமா, இதுல ரத்தத்தயே காணல்லியே, இதுக்கா இவ்வளவு கதைச்சீங்க?" என்றான். நான் ஒன்றும் பேசவில்லை. பின்னர் அந்தக் கொக்கிக் காட்சி வந்தது. கொலைகாரன் ஒரு பெண்ணைத் தூக்கி இறைச்சிக் கொக்கியில் மாட்டுகிறான். கொக்கி உடம்பில் இறங்குவது காட்டப்படவில்லை, காயமும் இல்லை. அவளுக்குக் கீழே ஒரு வாளி வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். "கொஞ்சம் நிப்பாட்டுங்க மாமா" என்றான். தண்ணீர் குடித்துவிட்டு வந்து இருந்தான்.

மறுதயாரிப்பிலும் கொக்கி உண்டு. அங்கே ஓர் இளைஞனின் காலை வாளால் அறுத்து, அவனைக் கொக்கியில் மாட்டி, வெட்டுண்ட இடத்தில் உப்புத் தேய்த்து, இறைச்சிக்கடைக் கடதாசியால் சுற்றிக் கட்டுகிறார்கள். எல்லாம் கிட்டத்தில், தெளிவாக. அதை அவன் மிக்ஸர் சாப்பிட்டுக்கொண்டு பார்த்தவன்.

இரத்தம் கூடியிருக்கிறது, கூடவே ஆறுதலும் கூடியிருக்கிறது என்பதை எவரும் கவனிப்பதில்லை. 2003 படத்தின் நாயகி இறைச்சி வெட்டும் கத்தியால் கொலைகாரனின் கையைத் துண்டிக்கிறாள். கெட்ட பொலிஸ்காரனை வாகனத்தால் ஏற்றிக் கொல்கிறாள். ஒரு குழந்தையையும் காப்பாற்றிக்கொண்டு போகிறாள். கணக்குத் தீர்ந்தது. 1974இல் தப்பிய பெண், ஒரு பாரவண்டியின் பின்பகுதியில் விழுந்து, இரத்தம் தோய்ந்த முகத்தோடு சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறாள். பின்னால் விடிகிற சூரியனுக்கு முன் அந்த மனிதன் வாளைச் சுழற்றிச் சுழற்றி ஆடுகிறான். கொலைகாரன் தண்டிக்கப்படவில்லை. அவள் வென்றுவிட்டாள் என்று சொல்லவும் ஒன்றுமில்லை.

நான் ஏழ்மையைப் புனிதமாக்குகிறேன் என்று நண்பர் குறுக்கிடுவார். இல்லை. அந்த முதற்படத்தில் நடித்தவர்களுக்குக் கிடைத்தது சொற்பம். வசூல் கோடிக்கணக்கில் போக, விநியோகஸ்தர்கள் அவர்களை ஏமாற்றினார்கள். சாப்பாட்டு மேசைக் காட்சியில் மரிலின் பேர்ன்ஸின் விரலை உண்மையாகவே வெட்டினார்கள். செயற்கை இரத்தக் குழாய் வேலை செய்யவில்லை, எல்லோருக்கும் களைப்பு, வெட்டிவிட்டார்கள். இதைக் கலை என்று கும்பிட நான் ஆயத்தமில்லை. படத்தின் கடைசி அரைமணி நேரம் முழுக்க ஒரு பெண் அலறுவதைப் பார்க்க வைத்ததிலும் கொடுமை இருக்கிறது. அதுமட்டுமா, அக்காலத்து மலிவு இரத்தப் படங்களில் பெரும்பாலானவை வெறும் வியாபாரமே. 1963இல் 'ப்ளட் ஃபீஸ்ற்' எடுத்த ஹேர்ஷெல் கோர்டன் லூயிஸ் தன்னைக் கலைஞன் என்று சொல்லிக்கொண்டவரல்ல. மறுதயாரிப்பு என்றாலே பாவம் என்பதும் எனது வாதமல்ல. 2006இல் அலெக்ஸாந்தர் அஜா எடுத்த 'த ஹில்ஸ் ஹேவ் ஐய்ஸ்', பாலைவனத்து மனித உருக்களின் சிதைவுக்கு அமெரிக்காவின் அணுகுண்டுப் பரிசோதனையைக் காரணமாக முன்வைத்தது. அங்கும் இரத்தம் ஆறாக ஓடுகிறது. ஆனால் எதற்காக ஓடுகிறது என்று கேட்க ஒரு வழி விட்டிருக்கிறார்கள். காசிருந்தும் காரணத்தை மறக்காமல் இருக்கலாம் என்பதற்கு அதை ஒப்புக்கொள்கிறேன்.

இனி எனக்கு மிகவும் வலிக்கிற படத்துக்கு வருகிறேன். ஜோர்ஜ் ரொமேரோவின் 'டோன் ஒஃப் த டெட்', 1978. செத்தவர்கள் எழும்பி நடக்கிறார்கள், நான்கு பேர் ஒரு பெரிய கடைத்தொகுதிக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். பிட்ஸ்பேர்க்குக்குக் கிட்ட மன்றோவில் என்ற இடத்திலுள்ள உண்மையான கடைத்தொகுதியில், இரவில் கடைகள் மூடிய பிறகு எடுத்தார்கள். நத்தார்ச் சோடனை கட்டியபோது நிறுத்திவிட்டு, கழற்றிய பிறகு தொடர்ந்தார்கள். பிணங்கள் ஏன் கடைத்தொகுதிக்கே வருகின்றன என்பதற்கு, அவர்களது வாழ்க்கையில் அது முக்கியமான இடமாக இருந்தது என்று ஒரு பாத்திரம் விடை சொல்கிறது. இதைப்பற்றி நுகர்வுக் கலாசாரம் என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் அதற்குள் போகவில்லை. கோரக் காட்சிகளை உருவாக்கிய டொம் ஸவீனி, வியட்நாமில் இராணுவப் புகைப்படக்காரராக இருந்தவர் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைத்தொகுதிக்குப் போவதற்கு முன்னர் ஒரு காட்சி இருக்கிறது. ஓர் அடுக்குமாடி. கறுப்பினத்தவரும் போட்டோ ரிக்கோக்காரர்களும் வசிக்கும் ஏழைக் கட்டடம். மரணித்தவர்களை அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அரச கட்டளை. அந்த மக்கள் ஒப்படைக்கவில்லை. ஆயுதப் பொலிஸார் உள்ளே நுழைகிறார்கள், அவர்களில் ஒருவன் இனவெறியோடு கண்டபடி சுடுகிறான். கீழே நிலவறையில், தமது மையித்துகளைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்கள். ஒற்றைக் காலுடைய ஒரு பாதிரியார் படியிறங்கி வந்து, அவர்களுக்குரிய கடைசிச் சடங்குகளைத் தான் செய்து முடித்துவிட்டதாகச் சொல்கிறார். அந்த மக்கள் ஏன் இவர்களை வைத்திருந்தார்கள் என்று ஒரு பொலிஸ்காரன் கேட்க, மரணத்தில் இன்னும் மரியாதை இருக்கிறது என்று அவர்கள் நம்புவதால்தான் என்ற பொருளில் மற்றவன் பதில் சொல்கிறான்.

இந்தக் காட்சியை நான் 2021இல் மீண்டும் பார்த்தேன். அதற்கு முந்திய வருடம் ஏப்ரலில், கொரோனாவில் மரணிப்பவர்கள் அனைவரையும் எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் எரித்தார்கள். சம்மதமில்லாமல் எரிப்பதற்கு நாங்கள் ஏன் கையெழுத்து வைக்க வேண்டும் என்று ஜனாஸாவைப் பொறுப்பேற்க மறுத்த குடும்பங்களை நாம் அறிவோம். பொரளை மயான வேலியில் எல்லா இனத்தவரும் வந்து வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 பெப்ரவரி இறுதியில்தான் கட்டளை மாறியது, அதன் பிறகு ஓட்டமாவடி. படத்திலுள்ள பிணங்கள் உண்மையிலேயே ஆபத்தானவை, நமது ஜனாஸாக்கள் அப்படியல்ல. இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு ஒப்பிடுவது நேர்மையல்ல. ஆனால் ரொமேரோ, ஆபத்தான பிணத்துக்கும்கூட அந்த நிலவறையில் மரியாதை கேட்டார். பிட்ஸ்பேர்க்கில் இருந்துகொண்டு, சினிமாக் கொட்டகைக்காரர்கள் இரத்தப் படம் என்று விற்ற ஒரு படத்துக்குள் அதை வைத்தார். என் வாழ்நாளில் பார்த்த தரமான கலைப்படங்கள் எதிலும் அந்த வருடத்துக்கான காட்சி எனக்குக் கிடைக்கவில்லை. குப்பை என்று சொன்ன நண்பரே, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

2004ஆம் ஆண்டு மறுதயாரிப்பில் அந்த அடுக்குமாடி இல்லை. நிலவறை இல்லை. ஸாக் ஸ்னைடரின் முதற்படம், இரண்டரைக் கோடி டொலருக்கு மேல் செலவு. பிணங்கள் இப்போது தள்ளாடவில்லை, ஓட்டப் பந்தயக்காரர்கள் போல ஓடுகின்றன. பழைய படத்தின் நடிகர் கென் ஃபோரியையும் ஸவீனியையும் தொலைக்காட்சித் திரைக்குள் சில நொடிகள் காட்டிப் பழைய இரசிகர்களைக் குஷிப்படுத்துகிறார்கள். ஆட்களைக் கூட்டி வந்தார்கள், அவர்கள் முன்பு செய்த காரியத்தை வெளியில் விட்டுவிட்டார்கள். விறுவிறுப்பான படம்தான், முதல் பத்து நிமிடத்தின் வேகத்தை நானும் மறுக்கவில்லை.

அந்தப் பத்து நிமிடம் முடிந்ததும் பெயர்கள் ஓடத் தொடங்குகின்றன. பின்னணியில் ஜொனி காஷின் பாட்டு. உலகம் எப்படி அழிகிறது என்பதைச் செய்திக் காட்சிகள் போன்ற துண்டுகளால் காட்டுகிறார்கள். கலவரம், இரத்தம், பிணங்கள், துப்பாக்கி. இவற்றுக்கெல்லாம் முதலாவதாக வருகிற துண்டு எது தெரியுமா? பெருந்திரளான முஸ்லிம்கள் அணியணியாகத் தொழுகையில் குனிகிறார்கள். ஒரு சொல் இல்லை. அதற்கும் செத்தவர்கள் எழும்புவதற்கும் என்ன தொடர்பு என்று படத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. படம் வெளியானது 2004 மார்ச் மாதம். ஈராக் மீது படையெடுத்து ஒரு வருடம்.

"சில நொடிதானே, உலகம் பூராவும் பரவுகிறது என்று காட்டத்தான்" என்று ஒரு சினிமா நண்பர் சமாதானம் சொன்னார். அப்படியானால் தேவாலயக் கூட்டம் ஒன்றையல்லவா முதலில் வைத்திருக்கலாம்? படம் நடப்பது விஸ்கொன்சின் மாநிலத்தில். ரொமேரோ எழுபதுகளில் பயத்துக்கான காரணத்தைத் தன் சொந்த நாட்டு அடுக்குமாடிக்குள், தன் சொந்தப் பொலிஸ்காரர்களுக்குள் தேடினார். காரணத்தைத் தேடும் வேலையை விட்டுவிட்ட படத்துக்கு, தயாராக ஒரு முகம் தேவைப்பட்டது. தொலைக்காட்சிச் செய்திகளில் அது மலிவாகக் கிடைத்தது. மடுவத்துப் பையன் இருந்த இடத்தில் துவாரத்தை வைத்தார்கள் என்றேன். நிலவறையில் மையித்துகளைக் காத்தவர்கள் இருந்த படத்தின் தொடக்கத்தில் நம்மை வைத்தார்கள்.

தங்கை மகனுக்கு இதையும் போட்டுக் காட்டினேன். அவன் முன்பே பலமுறை பார்த்த படம். பெயர்கள் ஓடும்போது, "மாமா, இத நான் ஒரு நாளும் கவனிக்கல்லியே" என்றான். பிறகு, "எந்தப் பள்ளி மாமா இது?" என்று கேட்டான். திருப்பிப் போட்டேன். தூணையும் சுவரையும் பார்க்க முயன்றோம். அதற்குள் காட்சி மாறிவிடுகிறது. இன்னொருமுறை திருப்பிப் போட்டேன்.